திரிசில் மலையில் பிள்ளைகளுடன் ஸ்கீ விடுமுறை: திட்டமிடுவது முதல் வீடு திரும்புவது வரை

நோர்வேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) புதிதில்லை. பாலர் பள்ளியிலேயே கால் பழகிவிடும். பெற்றோருக்குத்தான் அது புதிது. லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ முதல் தடவையாக வரும் குடும்பத்துக்கு எல்லாமே புதிது. இந்த வழிகாட்டி இரண்டு தரப்புக்கும் பொதுவானது. நோர்வேயின் மிகப் பெரிய ஸ்கீ மையமான திரிசிலை வைத்து எழுதியிருக்கிறோம். சுவீடனின் சேலன், பின்லாந்தின் லெவி போன்ற இடங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பயணத்தின் அளவுகோல் மலையின் உயரமும் இல்லை, பாதைகளின் எண்ணிக்கையும் இல்லை. உங்கள் கடைசிப் பிள்ளையின் விரல்கள்தான் அளவுகோல். அந்த விரல்கள் சூடாகவும் காய்ந்தும் இருந்தால் விடுமுறை நன்றாகப் போகும். நனைந்து விறைத்தால், எவ்வளவு காசு கொட்டியிருந்தாலும் பத்தரை மணிக்கே எல்லோரும் அறைக்குள் இருப்பீர்கள். தேதி, தங்குமிடம், உடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் அந்த விரல்களை நினைத்தே முடிவு செய்யுங்கள்.

ஏன் திரிசில்?

திரிசில்ஃபியெல் 1132 மீட்டர் உயரமுள்ள, உருண்டையான, தனித்து நிற்கும் மலை. மேலே ஏற்றிவிடும் சுமார் 30 லிஃப்டுகளும் சறுக்கி இறங்கும் அறுபதுக்கு மேற்பட்ட பாதைகளும் அதன் பக்கங்களைச் சுற்றி ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. நோர்டிக் நாடுகளில் பாதைகளுக்கு நான்கு நிறங்கள்: பச்சை மிக இலகு, நீலம் இலகு, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். திரிசிலில் பச்சைப் பாதைகள் அடிவாரத்தில் மட்டுமல்ல, மேலிருந்தும் நீளமாக இறங்குகின்றன. அதனால் நேற்றுப் பழகிய பிள்ளையும் இன்று மேலே போய் முழு மலையையும் பார்த்துவிட்டு இறங்கலாம். குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஸ்கீ இந்த ஊருக்கு நேற்று வந்த வியாபாரமும் இல்லை. 1861இல் இங்கே தொடங்கிய சங்கம் உலகின் மிகப் பழைய ஸ்கீச் சங்கங்களில் ஒன்று.

முதல் வேலை: எந்தக் கிழமை?

நோர்வேயில் விடுமுறையை, ஆண்டின் எத்தனையாவது கிழமை (வாரம்) என்ற இலக்கத்தால்தான் பேசுவார்கள். ஒஸ்லோ வட்டாரப் பள்ளிகளின் குளிர்கால லீவு வழக்கமாக 8ஆம் கிழமை. நாட்டின் வேறு பல பகுதிகளுக்கு 9ஆம் கிழமை. டென்மார்க்காரர் 7, 8இல் வருவார்கள். சுவீடன் பள்ளிகளின் லீவு 7 முதல் 10 வரை பிரிந்து கிடக்கும். ஆகவே 7, 8, 9 மூன்றும் மலை நிரம்பி வழியும் கிழமைகள். விலையும் அப்போதுதான் உச்சம்.

பள்ளி லீவில் கட்டுப்படாத குடும்பம் என்றால் 10 முதல் 12ஆம் கிழமை வரை பாருங்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது 11. மார்ச் நடுவில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கும், பனி இன்னும் ஆழமாகவே இருக்கும், குளிரின் கூர்மை மழுங்கியிருக்கும். ஜனவரி மலிவுதான். ஆனால் கடலிலிருந்து தள்ளி இருக்கும் மலை என்பதால் மைனஸ் 20 வரை இறங்கக்கூடும், பகலும் குறுகியது. கிறிஸ்மஸ் நேரத்தில் சூரியன் ஐந்தரை மணி நேரம்கூட நிற்காது. நான்கு வயதுப் பிள்ளையை அந்த இருட்டுக் குளிரில் பழக்குவது வீண் சிரமம். ஈஸ்டர் வெயிலுக்குப் பெயர் போனது. ஆனால் மதியத்துக்குப் பிறகு பனி கஞ்சிபோல் இளகி, சிறு பிள்ளைகளின் ஸ்கீ அதில் புதைந்து நின்றுவிடும். அப்போது காலையில் மட்டும் மலைக்குப் போங்கள்.

8ஆம் கிழமைதான் முடியும் என்றால் தங்குமிடத்தையும் ஸ்கீப் பள்ளியையும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே பதிந்துவிடுங்கள். தங்குமிடம் கிடைத்து, சிறு பிள்ளைகளுக்கான வகுப்பு நிரம்பிப் போவதுதான் அடிக்கடி நடப்பது. இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி கட்டாயம். அந்தக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் ஸ்கீ விபத்து விலக்கப்பட்டிருக்கும்.

தங்குமிடம்

சிறு பிள்ளை இருந்தால் ஒரே விதி: பிள்ளைகள் பழகும் பகுதிக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். திரிசிலில் தூரிஸ்ட்சென்டர், ஹொய்ஃபியெல்சென்டர் இரண்டிலும் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. வாசலிலிருந்தே ஸ்கீயில் புறப்படலாம் என்ற விளம்பரத்தை நம்பும் முன் வரைபடத்தில் அந்த வாசல் எந்த நிறப் பாதையில் இறங்குகிறது என்று பாருங்கள். சிவப்புப் பாதையின் ஓரத்தில் இருக்கும் அழகான மரவீடு, பழகுகிறவர்களுக்குச் சிறை. தினமும் காரில் ஏற்றி இறக்குவதும் சுலபமில்லை. ஐந்து பேரின் ஸ்கீயையும் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்திலிருந்து நடக்கும் அந்த இருநூறு மீட்டரில் பெரியவர்களின் பொறுமை தீர்ந்துவிடும்.

வாடகை வீடுகளில் படுக்கை விரிப்பு, துவாய், கடைசி நாள் துப்புரவு மூன்றும் பெரும்பாலும் தனிக் கணக்கு. விரிப்புகளை வீட்டிலிருந்து கொண்டு வரலாம். வீட்டில் ஈர உடுப்பை உலர்த்தும் அலமாரி இருக்கிறதா என்று கேளுங்கள். அது தொலைக்காட்சியைவிட முக்கியம்.

சமையலறை இருப்பது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மூன்று விஷயம். சோறு ஆக்கும் குக்கர் பொதுவாக இருக்காது, கொண்டு போங்கள். அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் அலுமினியச் சட்டி அதில் சூடாகாது. மூன்றாவது, தாளிதம். அடுக்குமாடிகளில் புகை உணரி தீயணைப்புப் படையோடு நேரடியாக இணைந்திருக்கலாம். காய்ந்த மிளகாய் கருகி அலாரம் அடித்தால் வண்டி வந்துவிடும். வீண் அழைப்புக்கான கட்டணத்தைத் தங்கியிருப்பவர்தான் கட்ட வேண்டும். தாளிதத்தை வீட்டிலேயே செய்து போத்தலில் கொண்டு வாருங்கள். மலையில் வெறும் பருப்பையும் கறியையும் சூடாக்கினால் போதும்.

பயணம்

ஒஸ்லோவிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். ஈ6 நெடுஞ்சாலையில் வடக்கே போய், கொலோமொயெனில் பிரிந்து எல்வெரும் வழியாக 25ஆம் இலக்க வீதியில் போக வேண்டும். பனியில்லாத நாளில் மூன்று மணி நேரத்துக்குள் போகலாம். லீவு தொடங்கும் வெள்ளி மாலையில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்வெருமுக்குப் பிறகு காட்டு வழி. அந்தி நேரத்தில் எல்க் மான்கள் வீதியைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் குட்டி வரலாம் என்று நினைத்து வேகத்தைக் குறையுங்கள்.

நோர்வேயில் 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அங்கீகரிக்கப்பட்ட இருக்கை கட்டாயம். பெருத்த குளிர் ஜாக்கெட்டோடு பட்டி போடாதீர்கள். மோதும்போது ஜாக்கெட் அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பட்டியை இறுக்கி, அதன் மேல் போர்த்துங்கள்.

கார் ஓட்டாதவர்களுக்கு ஒஸ்லோவிலிருந்து கார்டர்மோன் விமான நிலையம் வழியாக நேரடி பஸ் உண்டு. சுவீடன் எல்லைக்கு அப்பால் சேலனுக்கும் திரிசிலுக்கும் பொதுவான விமான நிலையம் 2019 டிசம்பரில் திறக்கப்பட்டது.

உடுப்பு: இங்கேதான் எல்லாமே தீர்மானமாகிறது

உடம்போடு ஒட்டிக் கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத உறை. இவ்வளவுதான். பருத்தி பெனியன் வேண்டவே வேண்டாம். பிள்ளை ஓடி விளையாடும்போது வியர்க்கும், பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், லிஃப்ட் வரிசையில் நிற்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும்.

ஐந்து நாளுக்கு ஒரு பிள்ளைக்கு: உட்கம்பளி இரண்டு சோடி, முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீக் காலுறை மூன்று சோடி, நீர் புகாத கையுறை இரண்டு சோடி, உள்ளே போட மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று, தலையையும் கழுத்தையும் மூடும் குல்லா ஒன்று, கழுத்துக் குழாய் இரண்டு, கண்ணாடி ஒன்று, ஸ்கீ இல்லாத நேரத்துக்குக் குளிர் சப்பாத்து. சிறு பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறை வாங்காதீர்கள். விரல்கள் ஒரே பையில் ஒட்டிக்கிடந்தால்தான் ஒன்றையொன்று சூடாக்கும். சால்வை கட்டவும் வேண்டாம், லிஃப்டில் மாட்டும்.

பலரும் செய்யும் பிழை, குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுவது. சப்பாத்துக்குள் கால் நெருக்கப்பட்டு இரத்தம் ஓடாமல், குளிர்தான் கூடும். ஒரே ஒரு காலுறை, சுருக்கமில்லாமல். உட்கம்பளிக் காற்சட்டையின் விளிம்பும் சப்பாத்துக்கு மேலே நிற்க வேண்டும். காலில் கொலுசு இருந்தால் கழற்றிவிடுங்கள். கெட்டி ஓட்டுக்குள் அது கணுக்காலில் அழுந்தி அரை மணியில் புண்ணாக்கும். காதுத் தோடும் அப்படியே. உலோகம் குளிரைக் கடத்தும், ஹெல்மெட் அதை அழுத்தும். நீளக் கூந்தலை உச்சியில் கொண்டை போடாமல், கழுத்தோரம் தாழ்வாகப் பின்னினால்தான் ஹெல்மெட் நெற்றிவரை சரியாக உட்காரும்.

உபகரணம்

வாடகைக்கு எடுப்பதே நல்லது. பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு அளவு வளர்கிறார்கள். நோர்வேயில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் பூவா என்ற இரவல் நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு உபகரணங்களை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கொடுப்பார்கள். லீவுக் கிழமைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மலையில் வாடகைக்கு எடுப்பதென்றால் இணையத்தில் முன்கூட்டியே பதியுங்கள். உயரம், எடை, வயது, பாதத்தின் நீளம், திறமை ஆகியவற்றைக் கேட்பார்கள். பாதத்தை அளக்க, குதிக்காலைச் சுவரோடு வைத்து நிற்கச் சொல்லி, பெருவிரல் நுனிவரை சென்டிமீட்டரில் எடுங்கள். சப்பாத்தின் அளவும் அதே கணக்குத்தான். நேராக நிற்கும்போது விரல் முன்னால் மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் பின்வாங்க வேண்டும். வளர்வான் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் கால் உள்ளே வழுக்கும், ஸ்கீ சொன்ன திசையில் திரும்பாது. ஸ்கீயின் நீளம் பழகும் பிள்ளைக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில்.

எடையையும் திறமையையும் கூட்டிச் சொல்லாதீர்கள். விழும்போது சப்பாத்து ஸ்கீயிலிருந்து கழன்றுவிட வேண்டும். அது எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் கடைக்காரர் அமைக்கிறார். தவறான எண் கொடுத்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, கால் முறுகும்.

வந்த அன்று மாலையே உபகரணத்தை எடுத்துவிடுங்கள். முதல் நாள் காலை அந்தக் கடையில் நிற்கும் வரிசை நீளமானது, உள்ளே வெக்கையானது. பிள்ளை வியர்த்து நனைந்தபடிதான் வெளியே வரும்.

லிஃப்ட் அட்டையைச் சட்டையின் இடப்பக்கப் பையில் தனியாக வையுங்கள். வாயிற்கதவு அங்கேதான் படிக்கும். கைப்பேசி பக்கத்தில் இருந்தால் படிக்காமல் போகலாம். இந்த மலையில் 6 வயது வரை ஹெல்மெட் போட்ட பிள்ளைக்கு லிஃப்ட் இலவசம். பெற்றோரும் முதல் நாளிலேயே முழு மலைக்கும் அட்டை வாங்கத் தேவையில்லை. முதலில் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

முதல் நாள், அடி அடியாக

முந்தைய இரவு அறைக்குள் சப்பாத்தைப் போட்டு பத்து நிமிடம் நடக்க விடுங்கள். மறுநாள் காலையில் சப்பாத்து என்பதே ஒரு அதிர்ச்சியாக இருக்காது.

பனியில் முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ. சமதரையில் மற்றக் காலால் உந்தி நடக்கட்டும். பிறகு கால் மாற்றுங்கள். அடுத்தது இரண்டு காலிலும் போட்டு, விழுந்து எழும்பப் பழகுவது. விழுந்தவர் ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டு வந்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். ஸ்கீ சரிவை நோக்கி இருந்தால் எழும்பும் கணத்திலேயே வழுக்கிவிடும். இதை விளையாட்டாகப் பத்துத் தரம் செய்யுங்கள்.

பிறகு நிறுத்தும் வித்தை. முனைகளை நெருக்கி, வால்களை அகட்டி, ஆப்பு வடிவில் நிற்பது. இங்கத்தைய ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் அதைப் பீட்சா என்பார்கள். நேராகப் போவது உருளைக்கிழங்குப் பொரியல். நீங்களும் அதே சொற்களைச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்டது வீட்டிலும் கேட்டால் பிள்ளை குழம்பாது. சிறு பிள்ளைக்குத் தடி வேண்டாம், கை முழங்காலில் இருக்கட்டும். இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பதையும் குறையுங்கள். பின்னால் ஒருவர் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளை பின்னோக்கிச் சாயப் பழகிவிடும், அதை மாற்றப் பிறகு நாளாகும்.

நகரும் பட்டி லிஃப்டில் ஏறி, தானாக நின்று, தானாகத் திரும்பும் வரை வேறு லிஃப்டுக்குப் போகாதீர்கள். பிறகு தட்டு லிஃப்ட்: கால்களுக்கு இடையில் சிறு தட்டு, அது இடுப்பை இழுத்துப் போகும். உட்காரப் பார்ப்பதுதான் எல்லோரும் விழும் காரணம். நின்றபடியே இழுபட வேண்டும். விழுந்தால் கம்பியை விட்டுவிட்டு உடனே தடத்திலிருந்து விலகச் சொல்லுங்கள். பின்னால் அடுத்தவர் வருகிறார். இருவர் இழுபடும் டி வடிவக் கம்பி பெரியவரின் தொடையில் நின்றால் பிள்ளையின் முதுகில் ஏறும். அதைக் கடைசியில் பழகலாம். கதிரை லிஃப்டில் சிறு பிள்ளை பெரியவரோடுதான். முதுகுப் பையை முன்னால் மாற்றி, பாதுகாப்புக் கம்பியை இறக்கி, இறங்கும் இடத்தில் ஸ்கீ நுனியைத் தூக்கிப் பிடியுங்கள். ஏறும் முன் பணியாளரிடம் கையைக் காட்டினால் வேகத்தைக் குறைப்பார். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது அவர் வேலை.

பிள்ளையை ஸ்கீப் பள்ளியில் சேருங்கள். பெற்றோரும் சேருங்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒரே நேரத்தில் நடக்கும் குழு வகுப்புத்தான் பலன் தரும், ஆங்கிலத்திலும் கேட்கலாம். அப்பாவோ அம்மாவோ கையைக் கட்டிக்கொண்டு கீழே நிற்கும் குடும்பத்தில், நின்றவருக்குத்தான் அதிகம் குளிரும். ஸ்கீ வேண்டாம் என்பவர் பாட்டியோடும் கைக்குழந்தையோடும் உட்கார்ந்து சறுக்கும் பலகை எடுத்து அதற்கான மேட்டில் விளையாடலாம். அங்கேயும் ஹெல்மெட் வேண்டும். ஸ்கீப் பாதையில் பலகை விடக்கூடாது.

ஒரு நாளின் ஓட்டம்

காலையில் இரண்டு மணி நேரம், மதியத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். ஆறு வயதுக்குக் கீழ் இதுவே தாராளம். பதினொன்றேகாலுக்குச் சாப்பிடப் போங்கள். பன்னிரண்டுக்கு மேல் இடம் கிடைக்காது. பையில் எப்போதும் தோடம்பழம், குவிக் லுன்ஷ் சாக்லேட், வெந்நீர்க் குடுவை. குடுவைக்குள் சூடான ரசம் ஊற்றிக்கொண்டு போனால் பிள்ளைகள் கொக்கோவை மறந்துவிடுவார்கள். சாண்ட்விச்சும் உருட்டிய ரொட்டியும் வெளிப்பையில் விறைத்துவிடும்; ஜாக்கெட்டுக்குள் வையுங்கள்.

காலையில் யூர் வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு காற்றையும் பாருங்கள். மைனஸ் 10இல் விநாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. தெளிந்த, காற்றில்லாத காலையில் நேர்மாறாகவும் நடக்கும். கனத்த குளிர்க்காற்று பள்ளத்தில் தேங்கி, அடிவாரத்தைவிட மேலே சூடாக இருக்கும்.

அரை மணிக்கு ஒரு தரம் பிள்ளையின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர் கடித்த இடம் வெள்ளையாகும் என்று எங்கும் எழுதியிருக்கும். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோல் மங்கலாகத்தான் தெரியும், கண்ணுக்குத் தப்பிவிடும். கன்னம், மூக்கு நுனி, காது மடல் மூன்றையும் விரலால் அழுத்துங்கள். மெழுகுபோல் விறைப்பாகவோ, தொட்டால் பிள்ளைக்கு உணர்வில்லாமலோ இருந்தால் உடனே உள்ளே போய், வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடாக்குங்கள். தேய்க்கக்கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது பழைய, ஆபத்தான பழக்கம். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

மார்ச் வெயிலில் முகத்துக்குச் சூரியக் களிம்பு பூசுங்கள். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். கறுத்த தோலும் எரியும், கண்ணும் எரியும்.

பாதையில் ஒழுங்கு

முன்னால் போகிறவருக்கே உரிமை. பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். நடுப்பாதையிலோ மேட்டுக்குக் கீழே மறைவிலோ நிற்கக்கூடாது, ஓரத்தில் நில்லுங்கள். புறப்படும் முன் மேலே பாருங்கள். கம்பு நட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். தொலைந்தால் எந்த லிஃப்டின் அடியில் சந்திப்பது என்று காலையிலேயே பேசி, பிள்ளையின் ஜாக்கெட்டுக்குள் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள். யாராவது அடிபட்டால் அவருக்கு மேலே இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாக நட்டு, பாதை வரைபடத்தில் உள்ள மீட்பு இலக்கத்தை அழையுங்கள். அவசர மருத்துவம் 113.

நான்கு மணி நெருங்கும்போது இன்னும் ஒரே ஒரு தரம் என்று பிள்ளை கெஞ்சும். களைத்த கால் பீட்சாவைப் பிடித்து நிறுத்தாது. பச்சைப் பாதையில் அல்லாமல் வேறெதிலும் அந்தக் கடைசித் தரத்தைக் கொடுக்காதீர்கள்.

இரவும் கடைசி நாளும்

அறைக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன் உலர்த்தும் வேலை. சப்பாத்தின் கொக்கிகளை முழுதும் திறந்து, உள்ளுறை ஈரமாக இருந்தால் வெளியே எடுத்து, அறைச் சூட்டில் வையுங்கள். அடுப்பின் மேலோ ஹீட்டரின் மேலோ வைத்தால் நுரை சுருங்கி உருக்குலையும். சப்பாத்தை இரவில் காரில் விடாதீர்கள். பிளாஸ்டிக் கல்லாகி, காலையில் பிள்ளையின் கால் உள்ளே போகாது.

மூன்றாம் நாள் மதியம் ஸ்கீ இல்லாமல் விடுங்கள். தொடை வலி உச்சத்தில் இருக்கும் நேரம் அது. நீச்சல் குளமோ, தூக்கமோ, ஒரு சட்டி சோறோ போதும்.

புறப்படும் நாளில் குளிர்பெட்டியைக் காலி செய்து, குப்பையைப் பிரித்துப் போட்டு, கணப்புச் சாம்பலை ஆறவிட்டு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எல்வெரும் வரை வாகன வரிசை நீளும். கதவைப் பூட்டும் முன் உலர்த்தும் அலமாரியை ஒரு தரம் திறந்து பாருங்கள். மறந்துபோகும் கையுறை பெரும்பாலும் அதற்குள்தான் தொங்கும்.